பர்னாந்து என்ற பெயரை அரசாங்கத் தாளில் ஏற்றுவது எப்படி? நெல்லைக் கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, கூட்டப்புளி என்று நெல்லைக் கடற்கரையில் எந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குள் போனாலும் சிலுவைக்குச் சிலுவை பர்னாந்து என்ற குடும்பப் பெயர் கண்ணில் படும். கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் அந்தப் பெயர் இருக்கும், கல்யாணப் பத்திரிகையில் இருக்கும். அதே வீட்டுப் பையனின் ஆதாரை வாங்கிப் பாருங்கள், இருக்காது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போன அன்று வாத்தியார் அப்பா பெயரைக் கேட்டு, அதன் முதல் எழுத்தை மட்டும் போட்டு எழுதியிருப்பார். குடும்பப் பெயர் அன்றைக்கே போய்விட்டது.

என் தம்பிக்கு அப்படித்தான் ஆனது. அவனுடைய பாஸ்போர்ட்டில் பெயர் ஒரே ஒரு சொல்தான், குடும்பப் பெயருக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. வளைகுடாவில் வேலை சரியாகி, விசாவுக்குத் தாள் கொடுத்த பிறகு, "ஒத்தைப் பேருக்கு விசா போடமாட்டோம்" என்று முகவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த வேலை போயிற்று. அதன் பிறகு எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தப் பதினொரு மாதம் அலைந்தோம். வரிசை தெரிந்திருந்தால் நாலு மாதத்தில் முடித்திருக்கலாம். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். குரூஸ், ராயன், மோத்தா, வாஸ், கோமஸ் என்று வேறு பெயர்க்காரர்களுக்கும் இது பொருந்தும்.

1. எல்லாத் தாளையும் பாயில் பரப்புங்கள்

பெயரில் கைவைக்கும் முன்னால் ஒரு சாயங்காலத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், பான், வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, ஓட்டுநர் உரிமம், வங்கிப் புத்தகம், பழைய பாஸ்போர்ட், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அப்பா, அம்மாவின் தாள்களும் வேண்டும். ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டு, எந்தத் தாள், அதில் ஆங்கிலத்தில் பெயர் எப்படி இருக்கிறது, தமிழில் எப்படி இருக்கிறது என்று எழுத்து மாறாமல் எழுதுங்கள். புள்ளி, இடைவெளி முதற்கொண்டு எழுத வேண்டும்.

எங்கள் வீட்டு நோட்டில் வந்ததைச் சொல்கிறேன். பெயரை மட்டும் உதாரணத்துக்காக மாற்றியிருக்கிறேன். பள்ளிச் சான்றிதழில் 'எம். அந்தோணி'. ஆதாரில் 'மிக்கேல் அந்தோணி'. பானில் அதையே திருப்பிப் போட்டு 'அந்தோணி மிக்கேல்'. பாஸ்போர்ட்டில் வெறும் 'அந்தோணி'. ஞானஸ்நானச் சான்றில் 'அந்தோணி பர்னாந்து'. ஒரே ஆளுக்கு ஐந்து பெயர். நாங்கள் பட்ட பாடு அத்தனைக்கும் இந்த ஐந்து வரிதான் காரணம். இதை நாங்கள் எழுதிப் பார்த்ததே ஆறாவது மாதத்தில்தான். நீங்கள் முதல் நாளே எழுதிவிடுங்கள்.

ஞானஸ்நானச் சான்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் வீடுகளில் அதை நகைப்பெட்டியில் வைத்துக் காப்பாற்றுவோம். ஆனால் பாஸ்போர்ட்டுக்கு வயதுச் சான்றாக ஏற்கும் ஆவணங்களின் பட்டியலில் அது இல்லை. அதற்காக அது வீண் இல்லை. தலைமுறையாக இந்தப் பெயர் குடும்பத்தில் இருக்கிறது என்று எழுத்தில் சொல்லும் தாள் பல வீட்டில் அது ஒன்றுதான். பங்குச் சாமியைப் பார்த்து உங்களுக்கும் அப்பாவுக்கும் புதிய நகல் கேளுங்கள். பதிவேட்டைத் தேடி எடுக்க நேரம் ஆகும், ஆகவே திருவிழா நாட்களில் போகாதீர்கள்.

2. பர்னாந்துதான் வேண்டுமா, அப்பா பெயர் போதுமா?

இதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் நிரம்புவதுதான் உங்கள் தேவை என்றால், அங்கே அப்பாவின் பெயரைப் போடலாம். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். 'எம்' என்பது 'மிக்கேல்' என்று பள்ளிச் சான்றிதழிலேயே அப்பா பெயர் வரியில் இருப்பதால், அதை விரிப்பதைப் பெரிய பெயர் மாற்றமாகப் பார்க்க மாட்டார்கள். செலவு குறைவு, அலைச்சல் குறைவு. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் செய்வது இதுதான். அவசரத்தில் இருப்பவர்களுக்கு நானும் இதைத்தான் சொல்வேன்.

பர்னாந்து வேண்டும் என்றால் கதை வேறு. அந்தச் சொல் உங்களுடைய எந்த அரசாங்கத் தாளிலும் இல்லை என்றால், அது முழுப் பெயர் மாற்றம்தான். அரசிதழில், அதாவது அரசாங்க கெஜட்டில், வர வேண்டும். அப்பாவின் தாள்களில் அந்தப் பெயர் இருந்தால் வேலை கொஞ்சம் சுலபம், ஆனாலும் அரசிதழ் இல்லாமல் ஆதார் மாறாது.

எங்கள் வீட்டில் அப்பா பிடிவாதமாக இருந்தார். "எங்க அப்பா சிலுவைல இருக்க பேரு, எம் புள்ள பாஸ்போர்ட்ல இருக்கக் கூடாதா?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. அதனால் நீண்ட வழியிலேயே போனோம். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

வெளிநாட்டு விதி பற்றியும் பதற வேண்டாம். 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல் பெயர் உள்ளவர்களைச் சுற்றுலா விசா போன்றவற்றில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று விளக்கமும் வந்தது. ஏற்கெனவே அங்கே குடியிருப்பு விசா உள்ளவர்களுக்கு அந்தத் தடை கிடையாது. என் தம்பியின் முகவர் இதைக் காதில் வாங்கவே இல்லை. உங்கள் முகவரும் அப்படிச் சொன்னால், வேலை கைவிட்டுப் போகும் முன் விமான நிறுவனத்திடம் நேராகக் கேளுங்கள். அமெரிக்க விசாவில் வேறு மாதிரி. குடும்பப் பெயர் காலியாக இருந்தால் உங்கள் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, முதல் பெயர் தெரியவில்லை என்ற பொருளில் மூன்று எழுத்துக் குறி போட்டுவிடுவார்கள். அந்த எழுத்துகள் அங்கே போன பிறகும் ஓட்டுநர் உரிமம், வங்கி எல்லாவற்றிலும் பின்னாலேயே வரும்.

3. எழுத்துக்கூட்டை ஒரே ஒரு முறை முடிவு செய்யுங்கள்

மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். பர்னாந்து என்பதை ஆங்கிலத்தில் எழுத மூன்று வழக்கு இருக்கிறது. 'எஃப்'பில் தொடங்கி 'ஓ'வில் முடிவது ஒன்று. தூத்துக்குடி, உவரிப் பக்கமும் இலங்கையிலும் இதுதான் பரவலாக இருக்கிறது. 'இ எஸ்' என்று முடிவது இரண்டாவது. கோவாவிலும் மங்களூரிலும் இருப்பவர்கள் அப்படி எழுதுகிறார்கள். 'இ இசட்' என்று முடிவது மூன்றாவது. கொல்லம் பக்கம் அது நிறைய உண்டு, ஸ்பானிய மொழி பேசும் நாடுகளிலும் அதுதான். போதாததற்கு நம் ஊர்ப் பழைய தாள்களில் 'பி'யில் தொடங்கி எழுதியவர்களும் இருக்கிறார்கள்.

கேட்க ஒன்றுபோல இருந்தாலும் கணினிக்கு இவை மூன்று குடும்பம். ஆட்களும் அப்படியேதான். இலங்கையில் இந்தப் பெயர் சிங்கள பௌத்தருக்கும் உண்டு, நீர்கொழும்புக் கத்தோலிக்கருக்கும் உண்டு, இங்கிருந்து போய்க் குடியேறிய பரதவருக்கும் உண்டு. கோவாக்காரருக்கும் நமக்கும் பெயர் ஒன்று என்பதைத் தவிர வேறு தொடர்பு இல்லை. ஸ்பெயினில் 'ஓ'வில் முடியும் வடிவம் ஆளின் சொந்தப் பெயராகவும் இருக்கும். பெயரைப் பார்த்த உடனே "நீங்க சிலோனா?" என்று என் தம்பியை ஒரு அலுவலகத்தில் கேட்டார்கள். அவன் உவரியில் பிறந்தவன், திசையன்விளையைத் தாண்டாமலே பள்ளிப்படிப்பை முடித்தவன். இப்படிக் கேட்டால் கோபப்படாமல் பிறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டுங்கள். அதற்காகவே அதைக் கோப்பின் மேலேயே வைத்திருங்கள்.

எந்த எழுத்துக்கூட்டு சரி என்று சண்டை போட வேண்டாம். அப்பாவின் அரசாங்கத் தாள் ஏதாவது ஒன்றில் எப்படி இருக்கிறதோ, அதையே அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள். என் சித்தப்பா வீட்டில் அண்ணன் 'ஓ', தம்பி 'இ எஸ்'. வாரிசுச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் இருவரும் ஒரே தகப்பனுக்குப் பிள்ளைகள் என்று நிரூபிக்கவே மூன்று மாதம் ஆயிற்று.

தமிழ் எழுத்தையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். பர்னாந்து, பர்ணாந்து, பெர்னாண்டோ, ஃபெர்னாண்டோ என்று நாலு விதமாக எழுதுகிறார்கள். வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்த நகரசபைத் தலைவர் பெயரை ஊரில் குரூஸ் பர்னாந்து என்றுதான் எழுதுகிறார்கள். எனக்கு அந்த எழுத்துதான் பிடிக்கும், வாயில் வருவதும் அதுதான். நாங்கள் அதையே எடுத்துக்கொண்டோம்.

இதே பெயரில் இன்னொரு பொறியும் இருக்கிறது. அவருக்குக் குரூஸ் என்பது சொந்தப் பெயர். பக்கத்து வீட்டுக்காரருக்கு அதுவே குடும்பப் பெயராக இருக்கும். ரோச் என்பதும் அப்படித்தான். உங்கள் பெயர் இந்த மாதிரி என்றால், எது சொந்தப் பெயர், எது குடும்பப் பெயர் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள். படிவம் நிரப்பிக் கொடுப்பவர் தன் ஊகத்தில் மாற்றிப் போட்டுவிடுவார்.

4. அரசிதழ்

பெயர் மாற்றப் படிவத்தை எழுதுபொருள் அச்சுத்துறையின் இணையதளத்தில் எடுக்கலாம். அலுவலகம் சென்னை அண்ணா சாலையில் இருக்கிறது. கடைகளில் விற்கும் பழைய படிவத்தை வாங்காதீர்கள். கட்டணமும் செலுத்தும் முறையும் மாறிக்கொண்டே இருப்பதால், நீங்கள் விண்ணப்பிக்கும் வாரத்திலேயே புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள். கட்டணம் சில நூறு ரூபாய்க்குள்தான் இருக்கும். "நாலாயிரம் குடுங்க, முடிச்சுத் தாரேன்" என்பவர்களை நம்ப வேண்டாம். நாங்களே நிரப்பி அனுப்பியதுதான் வந்து சேர்ந்தது.

கூட வைக்க வேண்டியவை பிறப்புச் சான்று அல்லது பள்ளிச் சான்று நகல், தமிழ்நாட்டில் குடியிருப்பதற்கான சான்று, புகைப்படம். புகைப்படத்திலும் நகல்களிலும் சான்றொப்பம் வேண்டும். யார் சான்றொப்பம் இடலாம் என்று படிவத்திலேயே போட்டிருக்கிறது. அதைப் படிக்காமல் தெரிந்த ஒருவரிடம் ஒப்பம் வாங்கிப் போனதால் எங்களுக்கு ஒரு முறை திரும்பி வந்தது.

பொறி இருப்பது 'பழைய பெயர்' கட்டத்தில். நாங்கள் பள்ளிச் சான்றைப் பார்த்து 'எம். அந்தோணி' என்று எழுதினோம். அரசிதழும் அப்படியே வந்தது. ஆதார் மையத்துக்குப் போனால், "ஆதார்ல இருக்க பேரு இது இல்லையே, இது உங்க அரசிதழ்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு. ஆகவே பள்ளிச் சான்றிலும் ஆதாரிலும் உள்ள பெயர் ஒன்றா என்று உங்கள் நோட்டைப் பாருங்கள். வேறாக இருந்தால், இரண்டு பெயரும் என்னையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் ஒரு உறுதிமொழிப் பத்திரம் போட்டுக்கொண்டு, அதையும் சேர்த்தே அனுப்புங்கள். உறுதிமொழிப் பத்திரத்துக்கான முத்திரைத் தீர்வை தமிழ்நாட்டில் 2024இல் 20 ரூபாயிலிருந்து 200 ரூபாயாக உயர்ந்தது. வீட்டில் மிச்சம் கிடக்கும் 20 ரூபாய்ப் பத்திரத்தை எடுத்துப் போகாதீர்கள்.

புதிய பெயரை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில், எழுத்துக்கு எழுத்து இடம்விட்டு எழுதுங்கள். தமிழிலும் எழுதுங்கள். அனுப்பும் முன் முழுப் படிவத்தையும் படம் எடுத்து வையுங்கள். அரசிதழ் வாரம் ஒரு முறை, புதன்கிழமை வரும். எங்களுக்கு அனுப்பிய நாளிலிருந்து ஏழு வாரம் ஆனது. வந்த உடனே எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். பிழை இருந்தால் உடனே எழுதிக் கேட்க வேண்டும், தள்ளிப்போட்டால் திரும்பவும் முதலிலிருந்து கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். பத்து நகல் எடுத்து வையுங்கள். பாதி வாழ்நாளுக்கு அது தேவைப்படும்.

ஏனென்றால் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இந்தப் புதிய பெயரை ஏற்றித் தருவார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. அது பழைய பெயரிலேயே இருக்கும். எங்கே அதைக் காட்டினாலும் அரசிதழ் நகலையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

5. ஆதார்

அரசிதழ் கைக்கு வந்த பிறகு முதலில் மாற்ற வேண்டியது இது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். 'சும்மா ஒரு தடவை இனிஷியல் சேர்த்துப் பார்ப்போம்' என்று ஒரு முறையை வீணாக்காதீர்கள். என் தம்பி அப்படி ஒன்றை ஏற்கெனவே செலவழித்திருந்தான். அதனால் இந்த முறை கை நடுங்கத்தான் செய்தோம்.

அரசிதழின் நகலோடு, பழைய பெயரும் புகைப்படமும் உள்ள அடையாள அட்டை ஒன்றையும் கொண்டுபோங்கள். கட்டணம் 75 ரூபாய், அதற்கு ரசீது தருவார்கள். 2025 செப்டம்பர் வரை அது 50 ரூபாயாக இருந்தது.

இங்கே திரையைப் பார்க்காமல் எழுந்து வராதீர்கள். ஆங்கிலத்தில் பெயரைத் தட்டிய உடனே பக்கத்துக் கட்டத்தில் தமிழ் எழுத்து தானாக வந்து விழும். ஆதார் மையத்தில் இருந்த பெண் தட்டியதும் எங்களுக்கு வந்தது 'பெர்னன்டோ'. றன்னகரம், டகரம், குறில் நெடில் எல்லாம் குழம்பிப் போயிருந்தது. நான் நோட்டில் எழுதியிருந்ததைக் காட்டி, "அக்கா, இந்த எழுத்துல மாத்திருங்க" என்றேன். அவர் பின்னால் அழித்து அழித்துத் தட்டினார். 'ப', 'ர்', 'னா', 'ந்', 'து' என்று ஒவ்வொன்றாக வந்ததை நான் உதட்டுக்குள் படித்துக்கொண்டே நின்றேன். அச்சிட்ட ஒப்புகைச் சீட்டிலும் ஒரு முறை படித்தோம். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்தான். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தை விட்டிருந்தால் அடுத்த மாற்றத்துக்கு வழியே இருந்திருக்காது.

இரண்டு மூன்று வாரத்தில் மாறிவிடும். நிராகரித்தால் காரணம் தெரிந்துகொள்ள ஆதார் உதவி எண் 1947க்கு அழைக்கலாம்.

6. பான், வங்கி

ஆதார் மாறியதும் பான். இதில் குடும்பப் பெயர்க் கட்டம் கட்டாயம், முதல் பெயர்க் கட்டம்தான் விடலாம். ஒற்றைப் பெயர்க்காரர்கள் தங்கள் பெயரையே கடைசிப் பெயர்க் கட்டத்தில் போட வேண்டும் என்பது விதி. பலருடைய பானில் பெயர் தலைகீழாக இருப்பதற்கு இதுதான் காரணம். திருத்தக் கட்டணமாக அட்டையோடு சேர்த்து நாங்கள் கட்டியது 107 ரூபாய். பானில் இனிஷியல் எடுக்காது. பான், ஆதார் இரண்டிலும் பெயர் ஒத்துப்போகாவிட்டால் இணைப்பு தடைபடும்.

வங்கிக்கு ஆதார், பான், அரசிதழ் நகல் மூன்றும் போதும். வாக்காளர் அட்டையையும் ரேஷன் அட்டையையும் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

7. பாஸ்போர்ட்

நம் மாவட்டத்துக்கு மண்டல அலுவலகம் மதுரை. ஆனால் விண்ணப்பத்துக்குத் திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரம் இருக்கிறது, மதுரைக்குப் போக வேண்டியதில்லை. பழைய பாஸ்போர்ட் இருந்தால் புதிய விண்ணப்பம் போடக் கூடாது. மறுவழங்கல் என்பதைத் தேர்ந்து, காரணமாகச் சொந்த விவரங்களில் மாற்றம், அதில் பெயர் என்று குறிக்க வேண்டும். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். தட்கால் என்றால் மேலே 2,000. பெயர் மாற்றம் உள்ளவர்கள் தட்காலுக்குப் பணம் கட்டும் முன் யோசியுங்கள். தாளில் ஐயம் வந்தால் அவசரம் எதுவும் நடக்காது.

சொந்தப் பெயர்க் கட்டத்தில் 'அந்தோணி', குடும்பப் பெயர்க் கட்டத்தில் 'பர்னாந்து'. அப்பா பெயரை அப்பாவுக்கான வரியில் மட்டும் போடுங்கள். இரண்டையும் சொந்தப் பெயரில் சேர்த்து அடைத்துவிட்டுக் குடும்பப் பெயரைக் காலியாக விட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் உண்டு. அவ்வளவு அலைந்ததும் வீண்.

அசல் தாள் எல்லாம் வேண்டும். காலை நேரத்துக்கு நியமனம் கிடைத்தால் கடற்கரை ஊர்க்காரர்கள் முந்தின நாளே பாளையங்கோட்டையில் உறவினர் வீட்டில் தங்கிவிடுவது நல்லது. முதல் பஸ்ஸை நம்பிப் போய்ச் சேர முடியாமல் எங்கள் முதல் நியமனம் தவறியது. மறுதேதி கிடைக்கப் பதினெட்டு நாள் ஆனது.

அப்பாவுக்கும் பாஸ்போர்ட் இருந்தால் அவருடையதை முதலில் திருத்துங்கள். பிள்ளையின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு மாதிரியும் அப்பாவின் பாஸ்போர்ட்டில் வேறு மாதிரியும் இருந்தால், பின்னால் குடும்ப விசாவுக்கு அது தலைவலி. அப்பா இல்லாமல் அம்மாவோடு மட்டும் வளர்ந்தவர்களுக்கு ஒன்று: பெற்றோரில் ஒருவர் பெயர் மட்டும் கொடுத்தால் போதும் என்ற விதி 2016 டிசம்பரிலேயே வந்துவிட்டது. யாராவது அப்பா பெயர் கட்டாயம் என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள்.

பெண்களுக்கும் ஒரு வார்த்தை. கல்யாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. மாற்ற விரும்பினால் திருமணப் பதிவுச் சான்று கைகொடுக்கும். கோயிலில் தரும் தாளோடு நிறுத்திவிடாமல், கல்யாணம் முடிந்த 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். அப்பாவும் பர்னாந்து, கணவரும் பர்னாந்து என்றால் உங்களுக்கு இந்த வேலையே இல்லை. நான் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

8. கப்பல் வேலைக்குப் போகிறவர்கள்

நம் ஊர்களில் இவர்கள்தான் அதிகம். கப்பல் பயிற்சிச் சான்றிதழ்களும் மாலுமிப் பதிவு எண்ணும் கடற்பணிப் புத்தகமும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை வைத்தே வரும். ஆகவே பெயரை மாற்றுவதாக இருந்தால் பயிற்சியில் சேரும் முன்னால் மாற்றிவிடுங்கள். பயிற்சி முடித்த பிறகு பாஸ்போர்ட் பெயர் மாறினால் ஒவ்வொரு சான்றிதழுக்கும் தனியாக எழுதித் திருத்த வேண்டும்.

9. ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கும் ஊரில்

பெயர் வந்த பிறகுதான் எங்களுக்கு இது உறைத்தது. எங்கள் தெருவில் இப்போது என் தம்பி பெயரில் மூன்று பேர். ஊரில் பட்டப்பெயர் சொன்னால் குழந்தைக்கும் தெரியும். தபால்காரருக்கும் காவல்துறைக்கும் அது தாளில் இல்லையே.

பாஸ்போர்ட்டுக்குக் காவல்துறை விசாரணை வரும்போது, "எந்த அந்தோணி பர்னாந்து?" என்று தெருமுனையில் கேட்டுவிட்டு, யாரோ தவறாகக் காட்டிய வீட்டுக்குப் போய், ஆள் ஊரில் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இன்னொருவர் அப்போது கடலில் இருந்தார். விண்ணப்பத்தில் முகவரி எழுதும்போது கதவு எண், தெரு, அப்பா பெயர், பக்கத்தில் உள்ள கோயில் அல்லது குருசடி எல்லாவற்றையும் எழுதுங்கள். விண்ணப்பத்தில் போடும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னாலேயே சொல்லி வையுங்கள். விரைவு அஞ்சலில் வரும் பாஸ்போர்ட்டை உரியவர் கையில்தான் கொடுப்பார்கள் என்பதால் தபால்காரருக்கு உங்கள் முகம் தெரிந்திருப்பது நல்லது.

கடன் விஷயத்தில் இன்னும் கவனம். ஒரே பெயர், ஒரே ஊர், ஒரே அஞ்சல் குறியீட்டு எண் என்றால் அடுத்தவர் கட்டாத கடன் உங்கள் கணக்கில் வந்து நிற்க இடம் உண்டு. வருடத்துக்கு ஒரு முறை கடன் அறிக்கையை இலவசமாகப் பார்க்கலாம், பாருங்கள். நிலம் வாங்கினால் பட்டாவில் பெயரை மட்டும் பார்த்து நம்பாமல், அப்பா பெயரையும் சர்வே எண்ணையும் வில்லங்கச் சான்றோடு ஒப்பிடுங்கள். உங்கள் பெயரில் பட்டா மாற்றும்போதும் அப்பா பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சாதிச் சான்றிதழைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். குடும்பப் பெயரைப் பார்த்து அதைத் தருவதில்லை. அப்பா, அம்மாவின் சான்றிதழையும் பள்ளித் தாள்களையும் பார்த்துத்தான் வட்டாட்சியர் அலுவலகத்தில் தருவார்கள். இந்தப் பெயரைப் பல சமூகத்தார் வைத்திருக்கும்போது அது நியாயம்தான். இ-சேவை மையத்தில் விண்ணப்பக் கட்டணம் 60 ரூபாய். ஏற்கெனவே பழைய பெயரில் வாங்கியது இருந்தால் அரசிதழ் நகலைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

10. பிறக்கும் பிள்ளைகளுக்கு

எங்களுக்கு ஆன மொத்தச் செலவு, பஸ், சாப்பாடு, நகல், நோட்டரி எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம். போன வேலையைக் கணக்கில் சேர்க்கவில்லை. பிறந்த குழந்தைக்கு இதே வேலையைச் செலவில்லாமல் முடிக்கலாம்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே அனுப்புவார்கள், ஆனால் அப்பா அம்மா பெயரை எந்த எழுத்தில் அனுப்புகிறார்கள் என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். குழந்தையின் பெயரை 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதைத் தாண்டினால் தாமதக் கட்டணத்தோடு 15 வயது வரை சேர்க்க வழி உண்டு. ஒரு முறை ஏறிய பெயரைப் பிறகு மாற்றித் தரமாட்டார்கள், எழுத்துப் பிழை என்றால்தான் திருத்துவார்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்க வயதுச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் செல்லும். அதனால் அந்த ஒரு தாளில் பெயர் முழுதாக இருக்க வேண்டும்.

என் தம்பிக்குப் போன வருடம் மகள் பிறந்தாள். ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்கும் முன்னாலேயே அவன் பேரூராட்சி அலுவலகத்தில் போய் நின்றான். கையில் அந்தப் பழைய நோட்டு. கடைசிப் பக்கத்தில் பிள்ளையின் பெயரை ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி எழுதி, பின்னால் 'பர்னாந்து' என்று கட்டம் போட்டு வைத்திருந்தான். சான்றிதழை இணையத்தில் இறக்கி எனக்கு அனுப்பினான். நான் எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டு, "சரியா இருக்குல" என்று சொன்னேன்.